டைனோசர் எலும்பை ஆராயும் வேலைக்குப் போவது எப்படி?

முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை ஆராய விரும்புகிறவர்களுக்கு இந்தியாவில் வழக்கமான வாசல் நிலவியல்தான், அதாவது ஜியாலஜி. ஆனால் அந்தப் பட்டம் பாறையைச் சொல்லித் தரும் அளவுக்கு எலும்பைச் சொல்லித் தராது. அதை நாமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 1: பிளஸ் டூவில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் நல்லது. அப்புறம் பி.எஸ்சி. நிலவியல். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி போன்ற இடங்களில் இருக்கிறது.

படி 2: முதல் வருடத்திலேயே எலும்பு சேர்க்க ஆரம்பியுங்கள். சமைத்த வஞ்சிரத்தின் நடுமுள்ளும் ஆட்டின் இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பும் (முதுகுத் தண்டின் ஒரு துண்டு) போதும். சதையை நீக்கி, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், எலும்பை அரித்துவிடும். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீனுக்கு இரு பக்கமும் கிண்ணம் போலக் குழி, ஆட்டுக்குக் கிட்டத்தட்டத் தட்டை. பாம்புக்கு முன்னால் குழி, பின்னால் உருண்டை. முதலைக்கும் அப்படித்தான். ஆனால் பாம்புக்கு நரம்புக்குழாயின், அதாவது தண்டுவடம் செல்லும் துளையின், மேலே ஒரு கூடுதல் மூட்டு உண்டு, முதலைக்குக் கிடையாது.

இது சின்ன விஷயமில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில், பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2005இல் கிடைத்த எலும்புகளை முதலில் முதலையுடையது என்றே நினைத்தார்கள். பின்னர் ஐஐடி ரூர்க்கியின் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் அந்த 27 முள்ளெலும்புகளை ஆராய்ந்து, 2024இல் ‘வாசுகி இண்டிகஸ்’ என்று பெயரிட்டார்கள். சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ராட்சதப் பாம்பு!

படி 3: எம்.எஸ்சி. ஐஐடியில் சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கள வேலையில் எலும்பைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். முதலில் படம், இடக்குறிப்பு, எந்தப் பாறை அடுக்கு என்ற விவரம். பிறகு ஈரக் காகிதத்தால் மூடி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டி, மண்ணோடு சேர்த்தே எடுக்க வேண்டும். பாதுகாப்பது அவ்வளவு முக்கியம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்து, 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போய்விட்டன. அது எவ்வளவு பெரியது என்ற விவாதம் பழைய படங்களையும் அளவுகளையும் வைத்தே நடக்கிறது.

படி 4: பிஎச்.டி. உதவித்தொகைக்கு நெட் அல்லது கேட் என்ற தேசிய அளவிலான தேர்வு எழுத வேண்டும். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம் என்பது என் கருத்து. அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ரூர்க்கி தவிர, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனமும் பார்க்க வேண்டியவை.

படி 5: வேலை. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு யூபிஎஸ்சியின் புவி அறிவியலாளர் தேர்வு எழுத வேண்டும், எம்.எஸ்சி. போதும். ஆனால் சேர்ந்தவுடன் புதைபடிவப் பிரிவே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், கனிமத் தேடலுக்கும் அனுப்புவார்கள். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. பிஎச்.டி. முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.