செமிகாம் கேம்ஸ் விளையாடணுமா, போர்டை வச்சு ஆரம்பிங்க

செமிகாம்னு ஒரு ஆர்கேட் (காசு போட்டு ஆடுற மெஷின்) கேம் கம்பெனி, பேரைச் சொன்னாலே பாதிப் பேர் "ஓ, அந்த ஸ்நோ ப்ரோஸ் கேமோட காப்பி கம்பெனி"ன்னு முடிச்சிடுறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தம். கொரியாவுல 90கள்ல ஒரு சின்ன டீம், 1995ல இருந்து 2001 வரைக்கும் பிளாட்ஃபார்ம், பப்பிள், பேஸ்பால், குவிஸ், ஃபைட்டிங், ஷூட்டிங்னு விடாம போர்டு (கேம் மெஷினுக்குள்ள இருக்கிற சர்க்யூட் பலகை) போட்டுட்டே இருந்திருக்காங்க, அதை ஒழுங்கா ஒருதடவை பார்த்தா எவ்ளோ வேகமா கத்துக்கிட்டாங்கன்னு புரியும். ஆனா கண்ணுல பட்ட பேரை எல்லாம் எடுத்து விளையாடினா எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சு சலிச்சுடும், அதனால பேரை விட்டுட்டு போர்டைப் பிடிங்க.

முதல்ல மேம் எமுலேட்டர், அதாவது பழைய ஆர்கேட் கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர், புது வெர்ஷனா போட்டுக்கோங்க. உள்ள இருக்கிற ஃபில்டர்ல தயாரிப்பாளர்னு ஒரு ஆப்ஷன் வரும், அதுல செமிகாம் தேர்ந்தெடுத்தா லிஸ்ட் வந்துடும். பேருக்குப் பக்கத்துல இன்னொரு கம்பெனி பேரும் சேர்ந்து இருந்தா பயப்படாதீங்க, லைசென்ஸ் கொடுத்து வித்தது நிறைய உண்டு. ரோம் (போர்டு சிப்புல இருக்கிற கேம் டேட்டா) விஷயம் மட்டும், சொந்தமா போர்டு இருந்து அதுல இருந்து நீங்களே டம்ப் எடுத்தா, அதாவது ஃபைலா காப்பி எடுத்தா, மனசுக்கும் நல்லது சட்டத்துக்கும் நல்லது.

அடுத்தது தான் முக்கியம். மேம்ல ஒவ்வொரு கேமும் எந்த சோர்ஸ் ஃபைல்ல இருக்குன்னு கமாண்ட் லைன்ல லிஸ்ட்சோர்ஸ் (-listsource) போட்டுப் பாருங்க, ஒரே மாதிரி போர்டுல ஓடுற கேமெல்லாம் பெரும்பாலும் ஒரே ஃபைல்ல தான் இருக்கும். ஹைப்பர் பேக் (1995), குக்கி அண்ட் பிபி 2 (1996), டாப்பி அண்ட் ராப்பி (1996), குக்கி அண்ட் பிபி 3 (1997) எல்லாமே ஸ்நோ ப்ரோஸ் ஃபைலுக்குள்ள இருக்கும், ஏன்னா டோவாப்ளான்ங்கிற ஜப்பான் கம்பெனி 1990ல போட்ட அந்த ஹார்ட்வேரைப் பார்த்துத் தான் இவங்க போர்டு கட்டினாங்க, அதே மாதிரி 68000 பிராசசர். ஆனா முதல் குக்கி அண்ட் பிபி (1995), சோக்கி சோக்கி, பிசி ஸ்டோரி (1997), முஹான்சுங்பு, டேட் குவிஸ் கோ கோ (1998) எல்லாம் வேற ஃபைல்ல இருக்கும், அது டேட்டா ஈஸ்ட் 1991ல விட்ட டம்பிள் பாப் வழி வந்த போர்டு. ஒரே பேர் வச்ச மூணு குக்கி அண்ட் பிபியில முதலாவது ஒரு குடும்பம், மத்த ரெண்டும் இன்னொரு குடும்பம், பேரை மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது பாருங்க.

விளையாட்டை ஹைப்பர் பேக்ல ஆரம்பிங்க. ஒரே ஸ்கிரீன், எதிரி எல்லாத்தையும் காலி பண்ணா அடுத்த ஃப்ளோர். அரை மணி நேரம் ஆடிட்டு உடனே ஸ்நோ ப்ரோஸ் போடுங்க, பின்னாடி மறுபடி ஹைப்பர் பேக். இப்படி மாத்தி மாத்தி ஆடினா எது எடுத்தது எது சொந்தமா சேர்த்ததுன்னு கை சொல்லிடும், கண்ணை விட கை நல்லா கண்டுபிடிக்கும். ரெண்டு பேரா ஆடினா இன்னும் நல்லது. அப்புறம் குக்கி அண்ட் பிபி மூணையும் வருஷ வரிசையில ஆடுங்க, பக்கத்துல டைட்டோவோட பசில் பாபிள் (1994) வச்சுக்கோங்க, ஐடியா எங்க இருந்து வந்ததுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

மேம்ல டேப் கீ அழுத்தினா மெனு வரும், அங்க டிப் ஸ்விட்ச்ல (போர்டுல இருக்கிற செட்டிங் ஸ்விட்ச்) கஷ்ட லெவலும் உயிர் எண்ணிக்கையும் மாத்தலாம், மாத்தினதும் எஃப்3 அழுத்தி ரீசெட் பண்ணணும். முதல் தடவை எதையும் மாத்தாதீங்கன்னு தான் சொல்வேன், நடுவுல சேவ் பண்ணி அங்கிருந்து தொடர்ற சேவ் ஸ்டேட்டும் வேண்டாம். ஓராக்ஷில்னு சொல்ற கொரியன் கேம் கடையில 100 வொன் நாணயம் போட்டு ஆடுறவங்களுக்காக செஞ்ச கேம் இது, மேம்ல காயின் போடுற அஞ்சாம் நம்பர் கீயை விடாம தட்டி நூறு காயின் போட்டுட்டா அந்த இறுக்கமே போயிடும். டேட் குவிஸ் கோ கோ மட்டும் கொரியன் படிக்கத் தெரியலன்னா விட்டுடுங்க, கேள்வி முழுக்க ஹாங்குல்ல, அதாவது கொரியன் எழுத்துல வரும். முஹான்சுங்பு பேஸ்பால், அதுக்கு எழுத்து பெருசா தேவையில்ல, பேருக்கு அர்த்தம் முடிவே இல்லாத போட்டின்னு.

இது முடிச்சதும் பேரியான் (1997). இங்க தான் ஆளுங்க மாறிட்டாங்கன்னு தோணும், 68020 வகை பிராசசருக்குத் தாவிட்டாங்க, நெட்டுக்குத்தா நிக்கிற ஸ்கிரீன்ல ஷூட்டிங். க்யூட் ஃபைட்டர் (1998), காயா (1999), ட்ரீம் வேர்ல்ட் (2000) எல்லாம் அதே குடும்பம். கடைசியா ஜெர்மன் கம்பெனியோட ஹைப்பர்ஸ்டோன் சிப் வச்ச வைவர்ன் விங்ஸ் (2001). ஹைப்பர் பேக் ஆடின கையோட இதை ஆடிப் பாருங்க, ஆறே வருஷம் தான் இடைவெளி, நம்ப முடியாது.

நிஜ போர்டு வாங்கற ஐடியா இருந்தா ஒண்ணு கேளுங்க. ஹைப்பர் பேக் குடும்பத்துல ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும், 8052 வகை. அதை வெறும் சவுண்டு சிப்னு நினைச்சு வேற போர்டுக்குப் பிடுங்கிடாதீங்க. அது ஷேர்டு ரேம்ல (மெயின் பிராசசரும் அதுவும் சேர்ந்து பயன்படுத்துற மெமரி) கொஞ்சம் டேட்டா எழுதிக் கொடுக்கும், அது இல்லாம கேம் ஒழுங்கா ஓடாது, காப்பி அடிக்கிறவங்களைத் தடுக்க வச்ச பூட்டு அது. மேம்ல இந்த கேம்ஸ் ஓடுறதே யாரோ உயிரோட இருந்த போர்டுல அந்த ரேமைப் படிச்சு 512 பைட் எடுத்து வச்சதால தான், சிப்புக்குள்ள இருக்கிற புரோகிராமை எடுத்து இல்ல. அதனால வாங்கும்போது ரோம் ஸ்டிக்கரை விட அந்த சிப் இருக்கா, காலெல்லாம் சாக்கெட்ல நல்லா உட்கார்ந்திருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் போர்டை மெஷினோட இணைக்கிற ஜாமா கனெக்டர்ல 5 வோல்ட் சரியா வருதான்னு மீட்டர் வச்சுப் பார்த்துட்டு தான் ஆன் பண்ணுங்க. வேலை செய்யாத போர்டா இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க, ரிப்பேர் தெரிஞ்சவங்க கையில கொடுங்க, உங்ககிட்ட இருக்கிறது இன்னும் யாரும் டம்ப் எடுக்காத வெர்ஷனா கூட இருக்கலாம்.