கண்ணாடி போனாலும் கண் அதே கண்தான்

எனக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 8. கண்ணாடியைத் தவிர்க்கும் லேசர் ஆபரேஷனான லேசிக் செய்த நாலாவது மாதம், இருட்டில் வலது கண்ணோரம் மின்னல் வெட்டியது. மறுநாள் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். தூக்கம் போதவில்லை என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதுதான் தப்பு.

லேசிக் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்ணும், கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும், ஓரத்தில் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். விழித்திரை கிழிவது அபூர்வம். ஆனாலும் அதிக பவர்காரர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்பே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். பழைய பவர் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்காலத்தில் கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவும் அது உதவும். அப்புறம், அவ்வப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் காலண்டரைப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

திடீர் மின்னல், புதுப் புள்ளிகள், திரை இறங்குவதுபோல் நிழல் என்றால் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், வலிக்கவே வலிக்காது. லேசிக் செய்ததையும் பழைய பவரையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பைக் ஓட்ட முடியாது. எனக்கு விழித்திரையில் கிழிசல் மட்டும்தான், அது பிரிந்துவிடவில்லை. சுற்றிலும் லேசர் போட்டு, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.