டிமென்ஷியா இருக்குற வீட்ல எந்த சாமான மொதல்ல வாங்கணும்

அம்மாவுக்கோ மாமனாருக்கோ டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கிற தெறனும் கொறஞ்சுகிட்டே போற நோய்னு டாக்டர் சொன்ன உடனே நெறைய பேரு கேமரா, ஸ்மார்ட் வாட்ச், அலெக்சான்னு மொத்தமா ஆர்டர் போட்டுடறாங்க. கொஞ்சம் பொறுங்க. மொதல்ல ஒரு வாரம் நோட்டுல எழுதி வைங்க, ராத்திரி எழுந்து நடக்குறாங்களா, கேஸ மறந்துடறாங்களா, மாத்திரைய ரெண்டு தடவ போட்டுக்குறாங்களா, எத்தன மணிக்கு எது நடக்குதுன்னு. அதுல உங்க தூக்கத்த கெடுக்குறது எதுவோ அதுக்கு மட்டும் மொதல்ல ஒரு சாமான் வாங்குங்க, பாத்துக்குறவங்க படுத்துட்டா யாரு பாப்பா? இன்னொன்னு, வாங்குறது எதுவா இருந்தாலும் அவங்க புதுசா ஒண்ண கத்துக்குற மாதிரி இருக்கக் கூடாது. புது விஷயம் மனசுல நிக்காது, பழைய பழக்கம் ரொம்ப நாள் நிக்கும்.

ராத்திரி கதவத் திறந்து வெளிய போறதுக்கு கதவு சென்சாரே போதும். ரெண்டு சின்ன துண்டு, ஒண்ணுல காந்தம் இருக்கும், ஒண்ண கதவுலயும் இன்னொண்ண நெலையிலயும் ஒட்டணும், ரெண்டும் பிரிஞ்சா சத்தம் வரும். அந்த சத்தம் கதவுகிட்ட வரக் கூடாது, உங்க தலமாட்டுல வரணும், அதனால பெல் தனியா இருக்குற மாடலா பாத்து வாங்குங்க. எங்க மாமியார் ராத்திரி 2 மணிக்கு கட்டப்பையில ரெண்டு பொடவையும் சீப்பும் எடுத்து வச்சுகிட்டு, அப்பா தேடுவாருன்னு கெளம்பிடுவாங்க, பெல் என் ரூம்ல அடிக்கும், நான் போயி "இப்ப பஸ் இல்ல அத்தை, விடிஞ்சதும் போலாம், ஒரு வாய் பால் குடிங்க"ன்னு சொன்னா வந்து உக்காந்துடுவாங்க. அங்கயே சைரன் அலறுனா பயந்து போயி கையில கெடச்சத தூக்கி அடிப்பாங்க. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் தரையோரமா மோஷன் சென்சார் லைட் போட்டுடுங்க, விழுறது கொறையும். சாயங்காலம் ஆனா கொழப்பம் கூடும், நெழல பாத்து யாரோ நிக்கிறாங்கம்பாங்க, அதுக்கு ஸ்மார்ட் பல்புல டைமர் வச்சு இருட்டுறதுக்கு முன்னாடியே லைட் எரிய வச்சுடலாம்.

சமையல்கட்டுக்கு பெருசா டெக்னாலஜி வேணாம். வேல முடிஞ்சதும் சிலிண்டர்ல ரெகுலேட்டர ஆஃப் பண்ணுங்க, கேஸ் லீக் டிடெக்டர் ஒண்ண தரைக்கு பக்கத்துல மாட்டுங்க, எல்பிஜி காத்த விட கனம், கீழதான் தேங்கும். கீசர் சூட்ட கண்டிப்பா கொறைங்க, 60 டிகிரி தண்ணி சில நொடியிலயே வெந்து போக வச்சிடும்.

தொலஞ்சு போற பயத்துக்கு எல்லாரும் ஏர்டேக், அதாவது ஆப்பிள் கம்பெனியோட சின்ன ட்ராக்கர் வில்லை கேக்குறாங்க. அது பக்கத்துல யாராவது ஐபோனோட போனாத்தான் எடத்த காட்டும், நம்ம ஊர் தெருவுல அத நம்ப முடியாது, சிம் போடுற ஜிபிஎஸ் ட்ராக்கர்தான் சரி. வாட்ச் மாதிரி இருந்தா கழட்டி எறிஞ்சுடுவாங்க. அவங்க கைய விட்டு போகாத பொருள் எதுன்னு பாருங்க, சுருக்குப்பை, பர்ஸ், கண்ணாடி கூடு, அதுக்குள்ள வைங்க. சார்ஜ் போடுறத மறந்தா பிரயோஜனமில்ல, அதனால கூடவே போன் நம்பர் பொறிச்ச ஒரு வளையலோ டாலரோ போட்டு விடுங்க. காணோம்னு தெரிஞ்சா பொறுத்துப் பாக்காம உடனே 112க்கு போன் பண்ணுங்க.

இப்ப கேமரா. ஹால்லயும் வாசல்லயும் வைங்க, பாத்ரூம், துணி மாத்துற எடம் வேணவே வேணாம். ஆரம்பத்துல இருக்கும்போதே அவங்ககிட்ட சொல்லி சம்மதம் கேட்டுட்டு வைங்க, அவங்க மனுஷங்க, அவங்க வீடு அது. கேமரா லாகின வெளியூர்ல இருக்குற அண்ணன் தங்கச்சிக்கெல்லாம் குடுத்துட்டா "ஏன் இன்னும் அம்மாவுக்கு சாப்பாடு குடுக்கல"ன்னு போன் வர ஆரம்பிக்கும், பாத்துக்குறவங்க மனசு அதுலயே ஒடஞ்சு போயிடும். பாக்குறதுக்கு உரிமை குடுத்தா வேலையும் குடுங்க. அமெரிக்காவுல இருக்குற தம்பிக்கு நம்ம ராத்திரி பகல்தான, அந்த நேரத்து மோஷன் அலர்ட் அவனுக்கு போற மாதிரி வச்சு, அம்மா எழுந்து வாசலுக்கு வந்தா மட்டும் நமக்கு போன் பண்ண சொல்லுங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி அப்படி கெடச்சாலும் அது பெரிய உதவி.

மாத்திரை ஞாபகத்துக்கு பழைய ஆண்ட்ராய்டு போன்ல பேரன் கொரலையே அலாரமா வைக்கலாம், "பாட்டி, மாத்திரை போட்டாச்சா"ன்னு. ஆரம்ப கட்டத்துல நல்லா வேல செய்யும், அப்புறம் ஆளில்லாம கொரல் வருதேன்னு பயந்தா அன்னிக்கே நிறுத்திட்டு மாத்திரை டப்பாவ பூட்டி வச்சு நீங்களே குடுங்க. பாட்டுக்கு கார்வான் மாதிரி திருகுற பட்டன் இருக்குற ரேடியோ போதும், அந்த காலத்து ரேடியோவ தொட்ட கை தானா போகும். அவங்க போன்ல யுபிஐ வேணாம், தெரியாத நம்பர் வராத மாதிரி செட் பண்ணிடுங்க, பணம் ஏமாத்துறவனுங்க இவங்களத்தான் தேடுறானுங்க.

கரண்ட் போனா வைஃபை போயிடும், கேமராவும் போயிடும், ரவுட்டர இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க. சென்சார் பேட்டரிய மாசத்துல ஒரு தடவ கதவத் திறந்து செக் பண்ணுங்க. இதெல்லாம் இருந்தும் உங்களுக்கே முடியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன் டெலிமானஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், நோயாளிக்கு மட்டும் இல்ல, பாத்துக்குறவங்களும் பேசலாம். பெரியவங்க சம்பந்தமா மத்த உதவிக்கு எல்டர்லைன் 14567, காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும்.