99 அகல் விளக்கு: ஆகஸ்ட் 25 அஞ்சலியை நடத்துவது எப்படி

மியன்மாரின் ரக்கைன் மாநிலத்தில் கொல்லப்பட்ட இந்துக்களுக்காக, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் கோயில் மண்டபத்தில் சில வருடங்களாக மோட்ச தீபம் ஏற்றுகிறோம். கெப்போங்கிலும் பூச்சோங்கிலும் இருந்து முறை கேட்டிருக்கிறார்கள். என் தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நாள். கொலை நடந்த 2017 ஆகஸ்ட் 25 விநாயகர் சதுர்த்தி. திதிப்படி வைத்தால் வருடந்தோறும் கொழுக்கட்டைக்கும் சிதறு தேங்காய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். ஆங்கிலத் தேதியே போதும். திதிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களுக்கு மகாளய பட்சச் சதுர்த்தசி இருக்கிறது. ஆயுதத்தால் மாண்டவர்களுக்குரிய நாள் அது.

எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 45, 53, 99 என்று மூன்று கணக்குகள் உலவுகின்றன. மூன்றுக்கும் காரணம் உண்டு. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2018 மே மாதம் வெளியிட்ட விசாரணையின்படி, மவுங்டோ வட்டாரத்தின் வடக்கே கா மாவுங் செய்க் பகுதி ஊர் ஒன்றில் அர்சா என்ற ரோஹிங்கியா முஸ்லிம் ஆயுதக் குழு 53 பேரைக் கொன்றது. அவர்களில் 23 பேர் குழந்தைகள். 45 பேரின் உடல்கள் 2017 செப்டம்பர் இறுதியில் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்டன. அதே நாளில் பக்கத்து ஊரான யே பாவுக் ஜாரில் 46 பேர் காணாமற்போனார்கள், உடல்கள் கிடைக்கவில்லை. இரு ஊரும் சேர்ந்தால் 99. முதல் ஊரில் மதம் மாறச் சம்மதித்த எட்டுப் பெண்கள் மட்டும் தங்கள் பிள்ளைகளோடு உயிர் தப்பினார்கள். அர்சா இதையெல்லாம் மறுக்கிறது.

ஆகவே 53 அகல்களைத் தெற்கு முகமாக வையுங்கள். 46 அகல்களைத் தனியே, கிழக்கு முகமாக. எள்ளும் தண்ணீரும் 53 பேருக்கு மட்டும். வீண் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். என் பாட்டனார், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப்போனவர். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. தாத்தாவுக்குத் திதி கொடுக்கலாமே என்று கேட்ட சொந்தத் தம்பியோடு பத்து வருடம் பேசவில்லை.

படம் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றைப் பெரிதாக அச்சடித்து மாட்டினேன். அது வேறு நாட்டில், வேறு வருடத்தில் எடுத்தது என்று ஒரு கல்லூரி மாணவி கைப்பேசியில் தேடிக் காட்டினாள். கூட்டத்துக்கு முன்னால் ஏணி போட்டுக் கழற்றினேன். இப்போது வெள்ளைத் துணியில் ஊர்ப் பெயர்களும் தேதியும் மட்டும்.

பேச்சாளர் ஒருவர் போதும். ஐந்து நிமிடம், எழுதி வாசிக்க வேண்டும். அந்த முதல் வருடம் ஒரு பிரமுகர் முக்கால் மணி நேரம் முழங்கினார். நாற்காலி அடுக்க வந்திருந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை தூக்கும் ரோஹிங்கியா. தமிழ் தெரியாது, தன் இனத்தின் பெயர் எத்தனை முறை வந்தது என்பது மட்டும் புரிந்திருக்கும். கூலி வாங்காமலே போய்விட்டான்.

அன்றிலிருந்து வாசிப்பில் ஒரு வரி சேர்க்கிறேன்: அர்சாவின் தாக்குதல்களை அடுத்து ராணுவம் நடத்திய வேட்டையில் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். ‘அவர்களுக்கா அஞ்சலி?’ என்று யாராவது எழுந்து கேட்பார். இல்லை, 99 பேருக்குத்தான். ஆனால் அந்தப் புதைகுழிகளுக்கு நிருபர்களை அழைத்துப்போய்க் காட்டிய அரசாங்கம், எரிந்த ரோஹிங்கியா ஊர்களுக்கு அப்படித் தாராளமாக வழிவிடவில்லை. அதன் வேலையை நம் மேடை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேவாரத்தைத் தொடங்கிவிடுங்கள்.

நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் வாங்குங்கள், கொஞ்சம் மீறும். ஏற்றும் முன் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லுங்கள். வியர்க்கிறது என்று முணுமுணுப்பார்கள். எல்லாத் திரியும் அடங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். மணல் வாளியோடு ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.