மின்சார கிராஸ்ஓவரா, லக்ஷுரி எஸ்யூவியா? சென்னையில் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

50 லட்சம் ரூபாய் பட்ஜெட்டில் கார் தேடுபவர்களுக்கு முன்பு ஒரே குழப்பம்தான் இருந்தது: ஜெர்மன் பிராண்டுகளில் எது? இப்போது அதே பணத்துக்கு மின்சார கிராஸ்ஓவர்களும் (சாதாரண கார் அடித்தளத்தின் மேல் எஸ்யூவி தோற்றத்தில் செய்யப்பட்டவை) வரிசையில் நிற்கின்றன. என்னிடம் யோசனை கேட்பவர்கள் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு, பிக்கப் எப்படி என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்பதை. சென்னையில் பாதி முடிவு அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். அதை யோசிக்காமல் ஷோரூமுக்குப் போவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது.

பார்க்கிங்கைப் பார்க்காமல் புக்கிங்

தனி வீடு, சொந்த காம்பவுண்டு என்றால் கவலை குறைவு. அப்பார்ட்மென்ட்டில்தான் சிக்கல். சார்ஜரை வந்து மாட்டித் தருவதாக ஷோரூமில் சொல்வார்கள், மாட்டியும் தருவார்கள். ஆனால் தரைத்தள மீட்டர் போர்டிலிருந்து உங்கள் பார்க்கிங் தூண் வரை கேபிள் எந்த வழியாகப் போகும், உங்கள் ஈ.பி. இணைப்பின் லோடு போதுமா, அசோசியேஷன் சம்மதிக்குமா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. 7 கிலோவாட் சார்ஜர் என்பது நான்கு ஏசி ஒரே நேரத்தில் ஓடும் அளவுக்கான சுமை. 11 கிலோவாட் வேண்டுமென்றால் த்ரீ ஃபேஸ் இணைப்பு இல்லாமல் முடியாது.

நங்கநல்லூரில் இருக்கும் என் உறவினர் இந்த அனுமதிக்காகப் போனபோது, அவர் குடியிருப்பின் செயலாளர் சொன்னது இது: "சார், உங்களுக்குக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு மத்த வீட்டுக்காரங்களும் கேப்பாங்க. மெயின் கேபிள் தாங்குமா, அதை மட்டும் யாராச்சும் எழுதிக் குடுங்க." நியாயமான கேள்வி. சொந்த மின் இணைப்பிலிருந்தே வீட்டில் வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் காகிதத்தை நீட்டிச் சண்டை போடுவதைவிட, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எல்லா வீட்டுக்கும் சேர்த்து லோடு கணக்குப் போட்டுக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். என் உறவினர் அப்படித்தான் அனுமதி வாங்கினார்.

பெரிய சார்ஜர் இல்லாவிட்டால் மின்சார கார் வேண்டாம் என்று பின்வாங்குபவர்களும் உண்டு. அதுவும் தவறு. அடையாறிலிருந்து கிண்டிக்கும் தி.நகருக்கும் போய்வரும் ஒருவர் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் ஓட்டுவதே அதிகம். அதற்கு 7 அல்லது 8 யூனிட் போதும். நல்ல எர்த்திங்கோடு தனி ஒயர் இழுத்த 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் அதை மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும். காலிப் பேட்டரியை முழுதாக நிரப்பத்தான் அந்த பிளக்கில் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் அப்படி நிரப்ப வேண்டிய ஆள் இந்த ஊரில் அநேகமாக யாரும் இல்லை.

கார்களை லிஃப்ட்டில் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தும் ஸ்டாக் பார்க்கிங் உள்ள கட்டடங்களில் இன்னொரு சோதனை இருக்கிறது. அந்த லிஃப்ட்டின் பக்கத்துப் பலகையில் எடை வரம்பும் உயர வரம்பும் எழுதியிருக்கும். மின்சார கிராஸ்ஓவர்கள் பேட்டரியின் எடையால் சாதாரணமாக 2 டன்னைத் தொடும், சில தாண்டும். பெரிய எஸ்யூவிக்கு எடையும் உயரமும் இரண்டுமே இடிக்கலாம். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பலகையை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி சார்ஜ் போட வழியே இல்லை, தெருவில்தான் வண்டி நிற்கும் என்றால் என் கருத்து தெளிவானது: இப்போதைக்கு மின்சார கார் வேண்டாம். பொது சார்ஜரை மட்டும் நம்பி ஒரு வண்டியைத் தினசரி ஓட்டுவது சீக்கிரமே சலித்துவிடும்.

எக்ஸ்ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடுவது

பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, அதன் மின்சார உறவான ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் நீளம் கூட்டியது, சுருக்கமாக எல்.டபிள்யூ.பி.) இரண்டும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையில்தான் அசெம்பிள் ஆகின்றன. 2025 ஜனவரியில் ஐஎக்ஸ்1 எல்.டபிள்யூ.பி. 49 லட்சம் ரூபாய்க்கு வந்தபோது, பெட்ரோல் எக்ஸ்1-இன் விலையும் ஏறக்குறைய அங்கேயேதான் இருந்தது. விலைப்பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்றே தோன்றும்.

ரோடு டாக்ஸ் வரும் இடத்தில்தான் கணக்கு பிரிகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 50 லட்சம் ரூபாய் பெட்ரோல் எஸ்யூவிக்கு அது மட்டுமே சுமார் 10 லட்சம். மின்சார வண்டிகளுக்கு அரசு இந்த வரியிலிருந்து முழு விலக்கு தந்து வந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. மின்சார காருக்கு 5 சதவீதம். பெரிய பெட்ரோல், டீசல் எஸ்யூவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இந்த வித்தியாசம் எக்ஸ்ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் தனியாகக் கண்ணில் படாது. ஆகவே வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் பழைய தகவல்கள் நிறைய சுற்றுகின்றன. மின்சார கார் கடனுக்கான வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று இன்னும் சொல்கிறார்கள். 80இ.இ.பி. பிரிவின் கீழ் இருந்த அந்தச் சலுகை 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களோடு முடிந்துவிட்டது. தொழில் செய்பவர்கள் கம்பெனி பெயரில் வாங்கினால் தேய்மானக் கணக்கில் மின்சார வாகனத்துக்கு 40 சதவீதம், மற்ற கார்களுக்கு 15 சதவீதம் என்ற வித்தியாசம் வரும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஈ.பி. பில்லை மறந்துவிட்டுப் போடும் கணக்கு

சேல்ஸ்மேன் காட்டும் ஓட்டச் செலவுக் கணக்கில் யூனிட் விலை குறைவாக இருக்கும். நம் வீட்டு மின்கட்டணமோ ஸ்லாப் முறையில் ஏறுவது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாத பில்லில் 370 யூனிட் வரை கூடும். 500 யூனிட்டைத் தாண்டினாலே கீழ் ஸ்லாபுகளில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். ஏசி ஓடும் வீட்டில் கோடைக்கால பில் ஏற்கெனவே 700, 800 யூனிட்டில் நிற்கும். அதன் மேல் கார் ஏறி உட்கார்ந்தால் 1,000-ஐத் தாண்டும், அங்கே யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல்.

அப்படியும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சொச்சம்தான். சென்னை டிராஃபிக்கில் லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் எஸ்யூவிக்கு 11 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆக லாபம் நிஜம், சேல்ஸ்மேன் சொல்லும் அளவு இல்லை என்பதுதான் விஷயம். ஆனால் மாதம் 400 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்த லாபம் 4,000 ரூபாய்க்குள்தான். 50 லட்சம் ரூபாய் காரை அந்த 4,000 ரூபாய்க்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேறு காரணங்கள் இருந்தால் வாங்குங்கள்.

ஊருக்குப் போகும் அந்த இரண்டு நாட்கள்

ரேஞ்ச் எண்ணை அப்படியே நம்புவது ஒரு தவறு. அந்த பயத்தில் மின்சார காரையே ஒதுக்குவது இன்னொரு தவறு. ஹூண்டாய் ஐயோனிக் 5-க்கு இந்தியச் சோதனையில் கிடைத்த ரேஞ்ச் 631 கிலோமீட்டர். அதே 72.6 யூனிட் பேட்டரிக்கு ஐரோப்பியச் சோதனை தந்தது 481. நெடுஞ்சாலையில் ஏசியோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நமக்கு ஐரோப்பிய எண்ணே நெருக்கமானது, அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூரு 350 கிலோமீட்டர், நிற்காமல் போகலாம். மதுரை 460, வழியில் ஒருமுறை சார்ஜ். திருநெல்வேலி 620, சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து இரண்டு நிறுத்தம் வைத்துக்கொண்டால் நிம்மதி.

சாதாரண வாரக் கடைசியில் இது பெரிய விஷயமே இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின ராத்திரிதான் பிரச்சினை. பரனூர் டோலில் நிற்கும் வரிசை, விழுப்புரம் பக்கம் சார்ஜரிலும் நிற்கும். நமக்கு முன்னால் இரண்டு வண்டி இருந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு முறை வரும் இந்தத் தொல்லைக்காக மீதி நாட்கள் முழுக்க டீசல் எஸ்யூவியில் திரிவதா என்று யோசியுங்கள். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் அதில் போகலாம், ரயிலும் இருக்கிறது. அதேசமயம் மாதம் மூன்று முறை கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று தொழிலுக்காக ஓடுபவருக்கு டீசலே சரி. நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

அந்த டீசலைத் தவறான ஆள் வாங்குவது இன்னும் மோசம். இன்றைய பி.எஸ்.6 டீசல்களில் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். என்ற பாகம் இருக்கிறது. அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேற வேண்டும், அதற்கு ஓரளவு வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து 5 கிலோமீட்டரில் அலுவலகம், நடுவில் நான்கு சிக்னல் என்றால் அது நடக்கவே நடக்காது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டும், மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தில். தி.நகருக்குள்ளேயே சுற்றும் குடும்பத்துக்கு மின்சாரம், இல்லையென்றால் பெட்ரோல் ஹைப்ரிட். டீசல் கூடாது.

மழைக்காலம்

2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த இரண்டு நாட்களையும் பார்த்த ஊர் இது. எஸ்யூவி உயரமானது, தண்ணீரில் போகும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. லேண்ட்ரோவர் டிஃபெண்டர் ஏர் சஸ்பென்ஷனோடு 900 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும்படி செய்யப்பட்டது, உண்மை. பி.எம்.டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜி.எல்.சி., ஆடி க்யூ5 எல்லாம் அந்த வகை இல்லை, அவையும் கிராஸ்ஓவர்களே. இன்டேக் வழியாகத் தண்ணீர் போய் இன்ஜின் ஹைட்ரோலாக் ஆனால், அதாவது உள்ளே புகுந்த தண்ணீரால் சுழல முடியாமல் இறுகிப்போனால், என்ஜின் புரொடெக்ட் ஆட்ஆன் இல்லாத பாலிசி அதற்குப் பணம் தராது.

மின்சார காரில் காற்றிழுக்கும் இன்ஜின் இல்லை, பேட்டரி பேக்கும் பெரும்பாலும் ஐபி67 தரம். அந்தத் தரத்தின் பொருள், 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது. பள்ளிக்கரணையில் ஒரு பேஸ்மென்ட்டில் இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பது அந்தச் சோதனையில் இல்லை. இதற்கும் பாலிசியில் தனியாக பேட்டரி காப்பீடு எடுக்க வேண்டும். மூழ்கி எழுந்த மின்சார காரைச் சார்ஜ் போடவோ ஆன் செய்யவோ கூடாது, நேராக ஃப்ளாட்பெட் டோ லாரியில் ஏற்ற வேண்டும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த முன்யோசனை எந்த வகைக் காருக்கும் பொருந்தும்.

பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்?

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பல மின்சார கார்களில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பின் தளம் உயர்ந்திருக்கும். கால் வைக்க இடம் தாராளமாகத் தெரியும், ஆனால் உட்கார்ந்ததும் முட்டி மேலே தூக்கி நிற்கும், தொடை சீட்டைத் தொடாது. இளைஞர்களுக்குத் தெரியாது. மூட்டுவலி உள்ள எழுபது வயதுக்காரரைத் திருத்தணி வரை உட்கார வைத்தால் இறங்கும்போது தெரியும். கையை அவர் தொடைக்கடியில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் அந்த சீட் அவருக்கு ஆகாது. பெரிய எஸ்யூவிக்கு நேர்மாறான குறை உண்டு: ஏறும் படி உயரம். சைட் ஸ்டெப் இருந்தும் அம்மா ஏற முடியாமல் தவித்தால் அந்த ஆடம்பரத்தால் என்ன பயன்?

முழுக் கண்ணாடிக் கூரையையும் மே மாத மதியம் 1 மணிக்குப் பாருங்கள், மாலையில் அல்ல. சில மாடல்களில் மூடும் திரையே கிடையாது.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல மின்சார மாடல்களில் பஞ்சர் கிட் மட்டும்தான், டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. வீல்பேஸ் நீளமான வண்டியை உங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரில் நான்கு பேரை ஏற்றி ஓட்டிப் பாருங்கள், அடியில் இருப்பது பேட்டரி. பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டாவது உரிமையாளருக்கும் அது தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். மறுவிற்பனையில் விலையைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒரு வரிதான்.

சாலை வரி விலக்கு அரசாணையில் உள்ள கெடு தேதியைப் பொறுத்தது. உங்களுக்குக் கணக்கு, ஆர்.டி.ஓ.வில் பதிவாகும் நாள், புக்கிங் செய்த நாள் இல்லை. டெலிவரி தள்ளிப்போகும் மாடல் என்றால், கெடுவுக்குள் பதிவாகாவிட்டால் புக்கிங் பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்று டீலரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.