புராஸ்டேட், சிறுநீர் நோய் ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போகிறவர் ஒரு மாத்திரையைத் தொடங்குகிறார். ஒன்றரை மாதத்தில் அது இரண்டு தடவையாகக் குறைகிறது. மாத்திரை கேட்டுவிட்டது என்று அவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்தின் தொல்லை ஒரே சீராக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். தாங்க முடியாமல் ஏறி நிற்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பலருக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதனால் "குணம் தெரிந்தது" என்ற செய்தியைப் படித்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாரோடு ஒப்பிட்டு?

தொல்லையை அளக்கும் விதத்தையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20உம் அதற்கு மேலும் கடுமை. "கடந்த ஒரு மாதத்தில், போய் முடித்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போல எத்தனை தடவை தோன்றியது?" என்பது ஒரு கேள்வி. "பாதிக்கும் குறைவான தடவை" என்ற கட்டத்திலும் "ஏறக்குறைய பாதித் தடவை" என்ற கட்டத்திலும் பேனா மாறி மாறி நிற்கும். ஒரு மாதத்தை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? ஒரு கட்டம் தள்ளினால் ஒரு மதிப்பெண். சுமார் மூன்று மதிப்பெண் குறைந்தாலே நோயாளிக்கு "பரவாயில்லை" என்று தோன்றத் தொடங்கும். நம்பிக்கையோடு மாத்திரை சாப்பிடுகிறவரின் பேனா மூன்று கட்டம் தள்ளுவது பெரிய விஷயமே இல்லை.

சா பால்மெட்டோ என்ற பனை வகையின் பழச்சாறு புராஸ்டேட்டுக்கு நல்லது என்று பல காலமாக விற்கிறார்கள். 2006இல் வெளியான ஆய்வில் 225 ஆண்களில் பாதிப் பேர் அதை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட மற்றவர்களைவிட ஒரு நன்மையும் தெரியவில்லை. அளவு போதவில்லையோ என்று 2011இல் 369 பேரை வைத்து, வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு வரை ஏற்றிப் பார்த்தார்கள். 72 வாரம் கழித்துச் சாறு சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 2.2 மதிப்பெண் குறைந்திருந்தது. வெற்று மாத்திரைக் குழுவுக்கோ 3 மதிப்பெண் குறைந்திருந்தது. அந்த 2.2ஐ மட்டும் தனியாக எடுத்து விளம்பரம் போட்டால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பீட்டுக் குழு இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையில் வேறாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பற்றி 2009இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் சேர்ந்து வெளியாயின. ஐரோப்பிய ஆய்வு, இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்றது. அமெரிக்க ஆய்வு, குறையவே இல்லை என்றது. அறிவியலே குழம்பிக்கிடக்கிறது என்று பலர் கையை விரித்தார்கள். விஷயம் அதுவல்ல. அமெரிக்காவில் "பரிசோதனை செய்யாத" குழுவில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளியே எங்கோ, எப்போதோ பிஎஸ்ஏ பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களையும் பார்த்தவர்களையுமே ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

சரி, அந்த 20 சதவீதத்தை எப்படிப் படிப்பது? அதே ஐரோப்பிய ஆய்வு 23 வருடத் தொடர்கணக்கை 2025இல் வெளியிட்டது. இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஆட்கணக்காகச் சொன்னால், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 1.4 சதவீதம் பேரும் அழைக்கப்படாதவர்களில் 1.6 சதவீதம் பேரும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார்கள். 456 பேரை அழைத்து, கூடுதலாக 12 பேருக்கு நோயைக் கண்டுபிடித்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது. காப்பாற்றப்பட்ட அந்த ஒருவருக்கு இது முழு உயிர். மற்ற பதினொரு பேரில் பலர், அந்தப் புற்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்திருக்கக் கூடியவர்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் தலைப்பாகப் போடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

"கண்டுபிடித்த பிறகு இத்தனை வருடம் வாழ்ந்தார்கள்" என்ற கணக்கும் இதே போல ஏமாற்றும். 80 வயதில் இறக்கப்போகிறவருக்கு நோயை 78இல் கண்டுபிடித்தால் இரண்டு வருடம். 70இல் கண்டுபிடித்தால் பத்து வருடம். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வைட்டமின் ஈயின் கதை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம், நுரையீரல் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று ஓர் ஆய்வு நடந்தது. அதற்குப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 32 சதவீதம் குறைவாக இருந்தது. தேடாமல் கையில் கிடைத்த தகவல் அது. அடுத்த ஆய்வுக்குத்தான் அது காரணமாகலாம், மாத்திரை வாங்குவதற்கு அல்ல. அந்த அடுத்த ஆய்வு 2001இல் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களோடு தொடங்கியது, பலன் தெரியாததால் 2008இல் நிறுத்தப்பட்டது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 2011இல் வெளிவந்த முடிவு: வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். ஏழு வருடத்தில் வெற்று மாத்திரைக் குழுவில் ஆயிரத்துக்கு 65 பேருக்கு வந்தது, இவர்களில் 76 பேருக்கு. நல்ல மனதோடு தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ விழுங்கியவர்கள் அவர்கள்.

யாரிடம் செய்த ஆய்வு என்று பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீர்த் தொற்று குறையும் என்பதற்கு 2018இல் நல்ல ஆதாரம் கிடைத்தது. அடிக்கடி தொற்று வரும், மாதவிடாய் நிற்கும் வயதை இன்னும் எட்டாத, தினம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள் அதில் இருந்தார்கள். கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்த பாதிப் பேருக்கு வருடத்தில் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2. இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே மூன்று லிட்டர் குடிக்கிறவரோ, இதயப் பலவீனத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவரோ குடத்தை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஆய்வில் நீங்களே சேர்ந்திருந்தால், சிறுநீர்க் குறிப்பேட்டை ஒவ்வொரு தடவையும் அப்போதே எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று அளவு ஜாடியில் பார்த்து மூன்று நாள் எழுதச் சொல்வார்கள். மூன்றாம் நாள் இரவு உட்கார்ந்து ஞாபகத்தில் நிரப்பினால் எல்லாமே 200, 250, 300 என்று தோராயமாக வரும். இதைவிடச் சிக்கலானது மருந்தைச் சொல்லாமல் மறைப்பது. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பினாஸ்டரைடு மாத்திரையைச் சில மாதங்கள் சாப்பிட்டாலே பிஎஸ்ஏ அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். தலைமுடி உதிர்வுக்கும் இதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள், அதுவும் பிஎஸ்ஏவைக் குறைக்கும். முடிக்குத்தானே என்று சொல்லாமல் விட்டால், ரத்த அறிக்கையில் 3 என்று வரும் எண்ணை மருத்துவர் 3 என்றே படிப்பார். அது 6ஆக இருக்கலாம் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.