பழைய இன்ஜினியரிங் புத்தகம் விற்பனைக்கு: பெங்களூரில் ஆன்லைனில் விற்கும் வழி

சிவில் முடித்துவிட்டு இப்போது பீன்யா பக்கம் வேலைக்குப் போகிறேன். என் புத்தகங்கள் என்றோ கைமாறிவிட்டன. ஆனாலும் அல்சூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை படிப்பை முடித்தாலும், "அக்கா, இதையெல்லாம் வித்துக் கொடுங்க" என்று ஒரு பை எங்கள் வாசலுக்கு வந்துவிடும். பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டால் ஒரே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுமே என்பது அம்மாவின் கட்சி. முடியும்தான். புதிதில் எழுநூறு எண்ணூறு கொடுத்து வாங்கியது கிலோ விலைக்குப் போகும், அவ்வளவுதான்.

விளம்பரம் எழுதும்போது முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வாங்கப் போகிற பிள்ளைக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது, பாடக் குறியீடுதான் தெரியும். "ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் புத்தகம், நல்ல நிலையில்" என்று போட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். எந்த வருடத்துப் பாடத்திட்டம் (சுருக்கமாகத் திட்டம்), எந்த செமஸ்டர், என்ன குறியீடு என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலான காலேஜ்கள் சேர்ந்திருக்கும் விடியூவில் (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது: 2018, 2021, 2022, 2025. முதல் இரண்டிலும் குறியீடு 18, 21 என்று வருடத்தில் தொடங்கும்; 2022 திட்டத்தில் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். உங்களுடையது பழைய திட்டம் என்றால் புதிய பாடத்திட்டத்தைப் பிடிஎஃப்பாக இறக்கி, எந்த அத்தியாயங்கள் இன்னும் இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பாடத்தின் ஐந்து மாட்யூல்களும் (பகுதிகளும்) புத்தகத்தில் எங்கெங்கே வருகின்றன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்னட்டைக்குள் செருகி, அதையும் படமெடுத்துப் போடுங்கள். பரீட்சையில் மாட்யூலுக்கு ஒரு கேள்வி எழுதியாக வேண்டும் என்பதால், புத்தகம் முழுக்கத் தேடும் வேலை மிச்சமானால் ஜூனியர் இருபது முப்பது ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்குவதில்லை.

இதில் எல்லாப் புத்தகமும் ஒன்றல்ல. கிரேவாலின் இன்ஜினியரிங் கணிதம் போன்றவை எந்தத் திட்டம் வந்தாலும் ஓடும். மாட்யூல் வாரியாக உள்ளூரில் அச்சடித்த கைடுகள் திட்டம் மாறிய அன்றே செத்துவிடும். அவற்றைத் தனியாக விற்கப் பார்க்காதீர்கள், செட்டோடு இனாமாகத் தள்ளிவிடுங்கள்.

தங்கம் என்றால் பரீட்சை ஹாலுக்குள் கொண்டுபோக அனுமதி உள்ளவைதான். மெக்கானிக்கலில் டிசைன் டேட்டா ஹேண்ட்புக் (சூத்திரங்களும் அட்டவணைகளும் உள்ள கையேடு), சிவிலில் இந்தியத் தர விதி நூல்களான ஐஎஸ் 456, ஐஎஸ் 800, அப்புறம் ஸ்டீல் டேபிள் (எஃகு அளவு அட்டவணை). பரீட்சை நெருங்கினால் இவற்றுக்கு அடிதடி. ஆனால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சூத்திரம் கிறுக்கியிருந்தாலும் மேற்பார்வையாளர் பிடுங்கி வைத்துவிடுவார். அதனால் விற்கும் முன் பக்கம் பக்கமாகப் புரட்டி அழிக்க வேண்டும். வெள்ளை ரப்பர், லேசான கை, ஒரே திசையில். அழித்த பிறகு தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தி எழுதியிருந்தால் பள்ளம் தெரியும், அதற்கும் சில ஹாலில் சந்தேகப்படுவார்கள். பேனாவில் எழுதியிருந்தால் அதை மறைக்காமல் "பரீட்சைக்கு ஆகாது, வீட்டில் படிக்க மட்டும்" என்று எழுதி விலையை இறக்கிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஹாலில் புத்தகம் பறிபோனால் உங்கள் பெயர் காலேஜ் முழுக்க நாறும், அதுவும் நியாயம்தான்.

எப்போது விற்பது என்பதில் முதல் வருடத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாதிப் பேர் பிசிக்ஸ் உள்ள பாடத் தொகுப்பை (பிசிக்ஸ் சைக்கிள்) முதலில் படிப்பார்கள், பாதிப் பேர் கெமிஸ்ட்ரி சைக்கிளை; அடுத்த செமஸ்டரில் இடம் மாறிக்கொள்வார்கள். அதாவது உங்கள் புத்தகம் வேண்டியவர் பக்கத்து செக்ஷனிலேயே உட்கார்ந்திருக்கிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போதும். மற்ற செமஸ்டர்களில், உங்கள் பரீட்சை முடிந்த கையோடு படமெடுத்து வைத்துவிட்டு, ஜூனியர்களுக்கு வகுப்பு தொடங்கும் வாரத்தில் போடுங்கள். காலேஜுக்குள் நடக்கும் முதல் தேர்வான இன்டர்னல் முடிந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். அதற்குள் எல்லாரும் பிடிஎஃப்புக்குப் போயிருப்பார்கள்.

படம் எடுக்க மொட்டை மாடியில் காலை வெயில் போதும். அட்டை, முதுகு, பதிப்பு எண்ணும் வருடமும் உள்ள பக்கம், பொருளடக்கம், அப்புறம் இருப்பதிலேயே மோசமான பக்கம். அந்தக் கடைசிப் படம்தான் பேரத்தைக் குறைக்கும். நேரில் பார்த்துவிட்டு "இது கிழிஞ்சிருக்கே" என்று யாரும் இழுக்க முடியாது. முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் யூஎஸ்என்னும் (பல்கலைக்கழகப் பதிவு எண்) இருந்தால் விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள். காலேஜ், சேர்ந்த வருடம், பிரிவு எல்லாம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. நூலக முத்திரையோ புக் பேங்க் முத்திரையோ இருந்தால் விற்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரத்துக்குப் புத்தகத்தில் பூஞ்சை வாடை ஏறும். இரண்டு நாள் நிழலில் விரித்து வைத்தால் குறையும். முதுகு விட்டுப் போயிருந்தால் ஃபெவிகாலை ஐஸ் குச்சியால் மெல்லியதாகத் தடவி, மேலே அம்மிக் குழவியை ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். செல்லோடேப் மட்டும் வேண்டாம், பார்த்தாலே பத்து வருடப் பழசு போலிருக்கும்.

விலையை அட்டையில் உள்ள எண்ணை வைத்துப் போடாதீர்கள். அச்சு விலை 900 என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் தள்ளுபடி போக 650க்குப் புதிதே கிடைக்கும். வாங்குபவர் அந்த 650ஐப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார். அதில் பாதி 325. நான் 380 என்று போடுவேன், ஏனென்றால் "லாஸ்ட் எஷ்டு அக்கா?" (கடைசி விலை எவ்வளவு?) என்று வராத செய்தியே கிடையாது. கிறுக்காத டேட்டா ஹேண்ட்புக்குக்கு மட்டும் முக்கால் விலை கேட்கலாம், கொடுப்பார்கள். "அவென்யூ ரோட்டில் இன்னும் கம்மி" என்று, பழைய புத்தகக் கடைகள் உள்ள அந்தத் தெருவைச் சொல்லிச் சிலர் மிரட்டுவார்கள். உண்மைதான், அங்கே கம்மிதான். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கூட்டத்தில் நெரிந்து, கடை கடையாகக் குறியீட்டைச் சொல்லிக் கேட்க வேண்டும். "போய்ப் பாருங்க தம்பி, கிடைக்கலைன்னா சொல்லுங்க" என்று பதில் போட்டுவிடுவேன். பாதிப் பேர் திரும்பி வருகிறார்கள். மலிவு என்று வாங்கிய திருட்டு அச்சுப் புத்தகமோ ஜெராக்ஸ் பைண்டிங்கோ கையில் இருந்தால், அதை விற்பனைக்குக் கொண்டுவராதீர்கள்.

காலேஜ் குழுவில் போகாததை ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸிலோ போடலாம். அங்கே ஒரே எச்சரிக்கை. புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன்" என்று ஒருவர் வருவார். அடுத்த நிமிடம் ஒரு க்யூஆர் கோடு வரும், ஸ்கேன் பண்ணி யூபிஐ பின் போடச் சொல்வார். பணம் வாங்க யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். இன்னும் சிலர் பணம் அனுப்பியதாக ஸ்க்ரீன்ஷாட் காட்டுவார்கள். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே புத்தகத்தைக் கையிலிருந்து விடுங்கள்.

கைமாற்ற மெட்ரோ ஸ்டேஷன் வாசல்தான் நல்லது: கேமரா உண்டு, வெளிச்சம் உண்டு. வீட்டு முகவரி கொடுக்க வேண்டாம். எனக்கு இதில் ஒரு லாபம்: 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்ததிலிருந்து கர்நாடகப் பெண்களுக்கு பிஎம்டிசி (பெங்களூர் மாநகரப் போக்குவரத்து) சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம், ஆதலால் எனக்கு டெலிவரி செலவே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு தெருப் பையன்கள் தங்கள் புத்தகத்தையும் என் தலையில் கட்டுகிறார்கள்.

விடியூ பாடத்திட்டம் மைசூருக்கும் ஹூப்ளிக்கும் பெல்காமுக்கும் ஒன்றே, அதனால் வெளியூரிலிருந்தும் கேட்பார்கள். 2025 மே 1 முதல் தபால் துறையில் ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, கல்விப் புத்தகங்களுக்கானது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழி போவதால் அவசரத்துக்கு ஆகாது. புத்தகத்தில் பதிப்பகத்தாரின் பெயரோ அச்சகத்தின் பெயரோ அச்சாகியிருக்க வேண்டும். பாதிப் பணம் முன்கூட்டி, மீதி தபால் ரசீதின் படத்தை அனுப்பியதும் என்று பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

ஓசூரில் படிக்கும் சித்தி மகனும் கேட்டான். அவனுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது அவர்களுடைய பாடத்திட்டம். பெரிய பதிப்பகத்துப் புத்தகங்களும் ஐஎஸ் கோடுகளும் அங்கேயும் ஆகும். மாட்யூல் கைடு வைத்து அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சொந்தக்காரர்களிடம் பணம் கேட்கலாமா என்றால், நான் கேட்டேன். சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

விற்றதும் விளம்பரத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு, "அக்கா, ஸ்டீல் டேபிள் இருக்கா?" என்று போன் வரும்.